நாயின் நோயும் வீட்டாரின் மருந்தும்

காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடைப்பட்ட வெள்ளவத்தை ஒழுங்கைகளில், முற்றமுள்ள வீடுகள் அருகித் தொடர்மாடிகள் பெருகிவிட்டன. முற்றம் போயினும் நாய் போகவில்லை. நாலாம் மாடியில் வளரும் நாய், வேலைக்குப் போன வீட்டார் திரும்பி வந்து கீழே கொண்டுசெல்லும் வரை சிறுநீரை அடக்கியிருக்க நேர்கிறது. நெடுநேரம் தேங்கும் சிறுநீர் கிருமிகள் பெருக இடந்தருவது. பெண் நாய்க்குச் சிறுநீர்வழி நீளங் குறைந்ததாதலின், தொற்றும் அதற்கே மிகுதி. அடிக்கடி முக்கிச் சிறிது சிறிதாகச் சிறுநீர் கழித்தலும், அதில் இரத்தம் கலத்தலும் இந்நோயின் குறிகள்.

இதற்குப் பெரும்பாலும் காரணமாவது எஷெரிக்கியா கோலி என்னும் பற்றீரியா. 1885ஆம் ஆண்டில் தியோடோர் எஷெரிக் என்ற குழந்தை வைத்தியர் இதனைக் கண்டறிந்தார். மனிதர் குடலிலும் நாயின் குடலிலும் இயல்பாக வாழும் இக்கிருமியே மனிதரின் சிறுநீர்த் தொற்றுக்கும் முதற் காரணமாகும்.

வாய்ப்பான சூழலில் இது ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். இவ்வாறு பெருகுங்கால், மருந்தைத் தாங்கவல்ல சில தற்செயலாகத் தோன்றும். மருந்து ஏனையவற்றைக் கொல்ல, தாங்கியவை எஞ்சி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவ்வாற்றலை அவை பிற கிருமிகளுக்கும் வழங்கவல்லன. எஷெரிக்கியா கோலி பல மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலை வயிற்றுளைவுக் கிருமிக்குக் கைமாற்றுவதை ஜப்பானிய ஆய்வாளர் 1959இல் காட்டினர்.

இழுப்பறையில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலின் குளிசையைச் சிலர் நாய்க்குக் கொடுக்கின்றனர். இரண்டு நாளில் குறி தணிந்ததும் நிறுத்திவிடுகின்றனர். நோய் மீளும்போது அதே குளிசை பயன்படாமற் போகலாம்.

பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் உரையில் ஒரு கற்பனைக் கதை கூறினார். தொண்டை நோவுக்குத் தானே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் ஒருவன் உட்கொள்கிறான். மருந்துக்குப் பழகிவிட்ட கிருமியோ அவன் மனைவியைத் தொற்றுகிறது. பெனிசிலின் பலிக்காது அவள் இறக்கிறாள். பிழை ஒருவரது, இழப்பு மற்றொருவரது. ஒரே வீட்டில் வாழும் மனிதரிடமும் நாயிடமும் ஒரே வகை எஷெரிக்கியா கோலி காணப்படுவதை அறிந்த இக்காலத்தில், அக்கதையில் நாய்க்கும் இடமுண்டு.

ஆகவே செய்யத்தக்கது யாது? மிருக வைத்தியர் ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்து நேரே எடுக்கும் சிறுநீரை ஆய்வுகூடத்தில் வளர்த்து, மருந்து தோய்த்த சிறு வில்லைகளை அதன்மேல் வைப்பர். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராது போதிய அகலத்தில் வெளி தோன்றுகிறதோ, அம்மருந்து பலிக்கும் என்று கொள்ளலாம். குறிப்பாக, நோய் திரும்பத் திரும்ப வரும் நாய்க்கு இச்சோதனை இன்றியமையாதது. 2019இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டி, எப்போதாவது வரும் எளிய சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 3 முதல் 5 நாள் மருந்தே போதும் என்கிறது. நோய்க்குறி யாதுமின்றிச் சிறுநீரில் கிருமி மட்டும் காணப்படின், பொதுவாக மருந்தே வேண்டா என்பதும் அதன் அறிவுரை.

மருந்தின் பெயரையும் அளவையும் நாளையும் வைத்தியரே வகுத்தல் வேண்டும். வேளைதோறும் நாயை வெளியே கொண்டுசெல்வதும், நல்ல தண்ணீரை எந்நேரமும் வைப்பதும், அதன் கழிவைத் துடைத்தபின் கை கழுவுவதும் வீட்டார் கடன். நாயின் கிண்ணத்தில் வீணாக இடப்படும் ஒரு குளிசை, நாளை அவ்வீட்டுக் குழந்தைக்கு வேண்டிய மருந்தின் வலிமையைக் குறைத்துவிடக்கூடும்.