முழங்காலுக்குப் பின்னே ஒரு கட்டி

முழங்காலின் பின்பக்கம் நீர்க்கட்டி தெரிந்ததும், அறுத்து எடுத்தால் தொல்லை தீரும் என்று தோன்றும். பெரும்பாலும் தீராது. 1877இல் இந்தக் கட்டியை விவரித்த லண்டன் அறுவை மருத்துவர் பேக்கரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. பெரியவர்களுக்கு மூட்டுத் தேய்மானமோ ஜவ்வுக் கிழிசலோ மூட்டுக்குள் நீரைச் சுரக்க வைக்கிறது. அது பின்னாலுள்ள பைக்குள் போகிறது, எளிதில் திரும்புவதில்லை. ஊற்று இருக்கும்வரை தொட்டியை இறைத்து என்ன பயன்? ஊசியால் உறிஞ்சினாலும் மறுபடி நிரம்பக்கூடும். ஆகவே முதலில் மூட்டைக் கவனிக்க வேண்டும்.

அதுவரை கட்டியை விட்டுவைப்பது ஆபத்தில்லையா என்பீர்கள், நியாயமான கேள்வி. வலியில்லாத கட்டி, வெறும் நீர்க்கட்டிதான் என்று மருத்துவர் உறுதிசெய்துவிட்டால் காத்திருக்கலாம். குழந்தைகளுக்குத் தானாகவே வற்றுவதும் உண்டு. ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால், கட்டி உடைந்ததா, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததா என்று தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அன்றே மருத்துவரிடம் போய் ஸ்கேன் பார்த்துவிடுங்கள்.