பொம்மை ரயிலுக்குப் பாரம் ஏற்றுவது எப்படி?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இவ்வளவு பெரிய சபையிலே பொம்மை ரயிலைப் பற்றியா பேசப் போறீங்க?" என்று சங்கச் செயலாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாம், அதைப் பற்றித்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் 1946-ல் ஒரு மாதிரி ரயில் கழகம் தொடங்கினார்கள். மேஜைக்கு மேலே ரயில் ஓடும். மேஜைக்கு அடியிலே டெலிபோன் ரிலேக்களும் ஒயர்களும் ஓடும். அந்த மேஜைக்கு அடியில் படுத்துக் கிடந்த பையன்களில் பலர்தான் பிறகு கணினிப் பக்கம் போனார்கள். 1962-ல் பி.டி.பி.-1 கணினியில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதிய ஸ்டீவ் ரஸ்ஸல் அந்தக் கழகத்தைச் சேர்ந்தவர். ஆகவே இதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு. ஆயிரம் டன் எடையுள்ள நிஜ ரயில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 14 கோடி ஜூல். அதே ரயிலை எச்.ஓ. அளவில், அதாவது 87-ல் ஒரு பங்காக, சிறிதாக்குங்கள். எடை 87-ன் முப்படியால் குறைந்து ஒன்றரைக் கிலோ ஆகிறது. வேகமும் 87-ல் ஒரு பங்காகிறது. ஆற்றல் எவ்வளவு தெரியுமா? வெறும் 0.03 ஜூல்! 87-ன் ஐந்தாம் படியால் வகுத்த கதை. அதனால்தான் பொம்மை ரயில் சுவிட்சைப் போட்டதும் துள்ளிக் கிளம்புகிறது, அணைத்ததும் மோதினாற்போல் நிற்கிறது. உருவத்தைச் சிறிதாக்கலாம், பாரத்தின் உணர்வு கூடவே வருவதில்லை. அதை நாம்தான் எண்களால் ஏற்ற வேண்டும்.

எப்படி ஏற்றுவது? பழைய முறையில் தண்டவாளத்தின் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றினோம். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தே ஓடும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. என்ற மாதிரி ரயில் சங்கம் 1990-களில் டி.சி.சி. என்னும் டிஜிட்டல் தரத்தை வகுத்தது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். அதோடு கட்டளைகளும் பூஜ்யம், ஒன்று என்ற துடிப்புகளாக ஓடும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டீகோடர் என்ற சிறு சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓட்டுகிறது. அதன் நினைவில் சி.வி. என்று எண்ணிட்ட அறைகள் உண்டு. எந்த அறையில் என்ன எண் போடுகிறோமோ அதுதான் அந்த எஞ்சினின் குணம்.

இனி நான் சொல்ல வந்த ஒரே விஷயம்: முதலில் வேகத்தைச் சரி செய்யுங்கள், பிறகு மொமெண்டத்தைத் தொடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வேகத்துக்கு மூன்று அறைகள். சி.வி. 2 தொடக்க வேகம், 6 நடு வேகம், 5 உச்ச வேகம். எஞ்சினை அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றுங்கள். சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடையுங்கள். மொமெண்டம் அறைகளான சி.வி. 3, 4 இரண்டிலும் பூஜ்யம் போடுங்கள். பிறகு த்ராட்டிலை முதல் படியில் வைத்து, எஞ்சின் திணறாமல் ஊர்ந்து செல்லும்வரை சி.வி. 2-ஐ ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்.

உச்ச வேகத்துக்குக் கண்ணை நம்பாதீர்கள். தண்டவாளத்தில் ஒரு மீட்டர் அளந்து குறியிட்டு, எஞ்சின் அதைக் கடக்கும் நேரத்தை எடுங்கள். 313-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால், எச்.ஓ. அளவில் அது நிஜத்தில் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். ஐந்து விநாடி என்றால் சுமார் 63 கி.மீ. மூன்று விநாடி என்றால் சுமார் 104. சரக்கு வண்டி மூன்று விநாடியில் பறந்தால் சி.வி. 5-ஐக் குறையுங்கள். நடு வேகம் இடையில் வழவழப்பாக வரும்படி சி.வி. 6-ஐ வையுங்கள்.

இரண்டு எஞ்சின்களைச் சேர்த்து இழுக்க வைப்பவர்கள் இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் ஒன்று இழுக்கும், மற்றது தடுக்கும். சக்கரம் வழுக்கும், மோட்டார் சூடேறும், வளைவில் பெட்டி தடம் புரளும். இரண்டையும் கோக்காமல் ஒரு முழ இடைவெளியில் ஒரே பாதையில் ஓட விடுங்கள். இடைவெளி மாறினால் வேகம் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். மெதுவாக ஓடுவதை விரட்ட முடியாது; வேகமாக ஓடுவதை அடக்கலாம். ஆகவே வேகமானதைத்தான் மெதுவானதற்குச் சமமாக்க வேண்டும். மூன்று அறைகள் போதாவிட்டால் சி.வி. 67 முதல் 94 வரை 28 படிகள் கொண்ட வேக அட்டவணை இருக்கிறது. அதை இயக்க, சி.வி. 29-ல் உள்ள எண்ணோடு 16-ஐக் கூட்ட வேண்டும்.

இப்போது மொமெண்டத்துக்கு வருவோம். சி.வி. 3 கிளம்புவதற்கு, சி.வி. 4 நிற்பதற்கு. அறையில் உள்ள எண்ணை 0.896-ஆல் பெருக்கினால், பூஜ்யத்திலிருந்து உச்ச வேகத்துக்கு, அல்லது உச்சத்திலிருந்து பூஜ்யத்துக்கு, ஆகும் விநாடிகள் கிடைக்கும் என்பது அந்தத் தரத்தின் கணக்கு. 20 போட்டால் ஏறக்குறைய 18 விநாடி.

சின்ன எண்ணாகத்தானே தெரிகிறது? தூரத்தைப் பாருங்கள். நிஜத்தில் 100 கி.மீ. என்பது எச்.ஓ. அளவில் விநாடிக்கு 32 சென்டிமீட்டர். அந்த வேகத்திலிருந்து 18 விநாடியில் சீராக நின்றால் எஞ்சின் ஓடும் தூரம் சுமார் 2.9 மீட்டர். நம் ஊரில் கிடைக்கும் பிளைவுட் பலகையின் நீளம் 8 அடி, அதாவது 2.4 மீட்டர். பாதை பலகையோடு முடிந்தால் வண்டி தரையில்தான் போய் நிற்கும்! அதே எஞ்சினின் உச்ச வேகத்தை முதலிலேயே 60 கி.மீ.க்குக் கட்டிப் போட்டிருந்தால், அதே 20-க்கு சுமார் 1.7 மீட்டரே ஆகும். வேகத்தை முதலில் முடியுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். உச்ச வேகத்தை மாற்றினால் மொமெண்டத்தின் பொருளே மாறிவிடும்.

ஆகவே பலகையின் நீளத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு சி.வி. 4-ஐத் தேர்ந்தெடுங்கள். பாதி வேகத்தில் வந்தால் நிற்கும் தூரம் கால் பங்குதான் என்பதையும் மறக்க வேண்டாம். ஷன்டிங் எஞ்சினுக்கு 2, 3 போதும். நீளமான சரக்கு வண்டிக்குக் கிளம்பும் நேரத்தைக் கூட்டலாம். திணறிக் கிளம்பும் எஞ்சினை மொமெண்டத்தால் மறைக்கப் பார்க்காதீர்கள். மோட்டாருக்குப் போதிய மின்சாரம் கிடைக்காமல் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். குழந்தைகள் ஓட்டும்போது அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே என்று முதலில் காட்டிவிடுங்கள். அது மொமெண்டத்தைப் பொருட்படுத்தாமல் வண்டியை நிறுத்தும்.

மாணவ நண்பர்களே, மொமெண்டம் ஏற்றிய ரயிலை ஓட்டிப் பாருங்கள். ஸ்டேஷன் வந்த பிறகு த்ராட்டிலைத் திருப்பினால் ஸ்டேஷன் தாண்டிப் போய்விடும். இரண்டு மீட்டர் முன்னாலேயே நினைக்க வேண்டும். எஞ்சின் டிரைவர்கள் நாள்தோறும் செய்யும் வேலை அதுதான். நியூட்டனின் முதல் விதியை நான் இந்தக் கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். அது விரலுக்கு வந்தது இந்தச் சிறு எஞ்சினால்தான். விடுதியில் ஓர் அறையும், ஒரு பிளைவுட் பலகையும், நாலு பேரும் கிடைத்தால் நீங்களும் ஒரு கழகம் தொடங்கலாம். முதல் எஞ்சினுக்கான செலவை எங்கள் வகுப்புக்காரர்களிடம் கேட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு.