பொது அடுக்களையை வெல்ல வேண்டும்



விலங்குகளின் துன்பத்தில் பங்கு கொள்ளாமல் உண்டு வாழ வேண்டும் என்னும் கொள்கை இன்று உலகின் பெருநகரங்களில் ஓர் இயக்கமாக வளர்ந்து நிற்கிறது. அந்த இயக்கம் எங்கே வெல்கிறது, எங்கே தோற்கிறது என்பதை அறிய விரும்புவோர், வெற்றியும் தோல்வியும் ஒரே ஊரில் அடுத்தடுத்துக் காணக்கிடைக்கும் நியூயார்க் நகரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உலகப் புகழ் பெற்ற உணவகம் ஒன்று இறைச்சியைக் கைவிட்டு, நான்கு ஆண்டுகள் சற்றே கடந்ததும் மீண்டும் அதனிடமே திரும்பியது. அதே நகரத்தில் ஏழைகளும் தொழிலாளர்களும் சிகிச்சை பெறும் பொது மருத்துவமனைகளோ தாவர உணவை நோயாளிக்கு முதலில் வைக்கும் உணவாக்கி, ஆரவாரமின்றி வெற்றி கண்டன. இவ்விரண்டையும் சான்றாகக் கொண்டு இந்த மேடை வைக்கும் வழக்கு ஒன்றே: நனிசைவ இயக்கம் செல்வர்களின் விருந்து மேசையை விட்டு எழுந்து, மக்களின் பொது அடுக்களைக்குள் நுழைய வேண்டும்.

நனிசைவம் என்பது உலகெங்கும் வீகன் என்று வழங்கும் வாழ்நெறி. இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றோடு பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்குவதும், தோல், கம்பளி, பட்டு போன்றவற்றை இயன்றவரை தவிர்ப்பதும் இந்நெறியின் நடைமுறை. 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய தோழர்களும் இதற்கென ஒரு சங்கம் கண்டனர். அச்சங்கத்தின் பொன்விழா ஆண்டான 1994 முதல் நவம்பர் 1 உலக நனிசைவ நாளாகக் கொண்டாடப்படுகிறது. அமெரிக்காவில் இதற்கான சங்கத்தை 1960-இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய ஜே தின்ஷா, இந்தியப் பார்சி ஒருவரின் மகன்; பிலடெல்பியாவில் ஓர் இறைச்சிக்கூடத்தை நேரில் கண்ட அதிர்ச்சியே அவரைப் பாலையும் விலக்க வைத்தது. அவர் நடத்திய இதழுக்கு அவர் இட்ட பெயர் அகிம்சை.

பால் ஏன் விலக்கப்படுகிறது என்று சைவ உணவினர் பலரும் கேட்கின்றனர். கன்று ஈனாமல் எந்தப் பசுவும் பால் தருவதில்லை. ஆகவே தொழில்முறைப் பண்ணையில் பசு திரும்பத் திரும்பச் சினைப்படுத்தப்படுகிறது, கன்று பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது, பால் தராத காளைக் கன்று இறைச்சிக்குப் போகிறது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழக்கூடிய பசு, கறவை குறைந்தவுடன் ஐந்தாறு வயதிலேயே வெட்டுக்கு அனுப்பப்படுகிறது. முட்டைத் தொழிலிலும் இதே கணக்குத்தான். முட்டையிடாத சேவல் குஞ்சுகள் பொரித்த நாளிலேயே கொல்லப்படுகின்றன. பால் கறக்கும் கொட்டிலும் கழுத்தை அறுக்கும் கூடமும் ஒரே தொழிலின் இரு வாயில்கள் என்பதை உணர்ந்தவர், முதல் வாயிலில் நின்றுகொண்டு இரண்டாம் வாயிலில் நிற்பவரை இகழ மாட்டார்.

நனிசைவம் பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒரு குற்றச்சாட்டு எழுப்பப்படுகிறது. நியூயார்க்கின் வரலாறு அதை மறுக்கிறது. 1970-களில் அந்நகரத்தில் விலங்குரிமைப் போராட்டத்தை வெற்றிப் பாதையில் செலுத்திய ஹென்றி ஸ்பைரா, கப்பல் தொழிலாளியாகவும் தொழிற்சங்கப் போராளியாகவும் இருந்து, பின்னர் பள்ளி ஆசிரியரானவர். அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூனைகளின் உடலைச் சிதைத்து அவற்றின் பாலியல் நடத்தையை ஆராயும் சோதனைகள் பல ஆண்டுகளாகப் பொதுப்பணத்தில் நடந்து வந்தன. 1976-இல் அதன் வாயிலில் ஸ்பைரா தொடங்கிய தொடர் மறியல் அடுத்த ஆண்டு அச்சோதனைகளை நிறுத்தச் செய்தது. 1980-இல் முயல்களின் கண்ணில் அழகுப்பொருள்களை ஊற்றிச் சோதிக்கும் முறைக்கு எதிராக, ரெவ்லான் நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டார். அந்நிறுவனம் மாற்றுச் சோதனை முறைகளை ஆராய்வதற்கு 7,50,000 டாலர் நிதியளிக்க முன்வந்தது. எட்டக்கூடிய ஓர் இலக்கைத் தேர்ந்து, அதற்குப் பொறுப்பான நிறுவனத்தைப் பெயர் சொல்லிப் பொதுமக்கள் முன் நிறுத்தி, வெல்லும் வரை விடாமல் நெருக்கிய தொழிற்சங்க முறை அது. தனிமனிதரின் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பதை ஸ்பைரா போராட்டமாகக் கருதவில்லை.

உணவிலும் இந்நெறி செல்வரின் பொழுதுபோக்கு அன்று. புரூக்ளினில் குடியேறிய கரிபியர்களின் ராஸ்தஃபாரி சமயத்தார், தேங்காய்ப்பாலும் கீரையும் கிழங்கும் பயறும் கொண்டு இறைச்சியில்லாமல் ஆக்கும் ஐட்டல் சமையலைத் தம் கடைகளில் பரப்பினர். சைனாடவுனில் பௌத்த மரபைச் சார்ந்த உணவகங்கள் சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் சீன விருந்தின் பதார்த்தங்கள் பலவற்றைச் செய்கின்றன. வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் ஓரத்தில் யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் 2001-இல் தொடங்கிய ‘நியூயார்க் தோசாஸ்’ தள்ளுவண்டி, நெய்யோ பாலோ சேர்க்காத தோசையை மாணவர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்து, 2007-இல் அந்நகரத்தின் தெருவோர உணவு விற்பனையாளர்களுக்கான வெண்டி விருதை வென்றது. பியூ ஆய்வு மையத்தின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இறைச்சியை முற்றிலும் விலக்கியோர் அமெரிக்கர்களிடையே 3 விழுக்காடாக இருக்க, கறுப்பின மக்களிடையே 8 விழுக்காடாக இருந்தனர். ஏழைகளும் குடியேறியவர்களும் கட்டிய நெறியைச் செல்வரின் சொத்தாகக் காட்டியது விளம்பரத் தொழில். அந்தப் படத்தை நம்பி இயக்கமும் ஏமாந்தது.

அந்த ஏமாற்றத்தின் விலை இப்போது தெரிகிறது. ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் 1976 முதல் இயங்கி, நாற்பது ஆண்டுகள் மூன்று தலைமுறைக்குத் தாவர உணவின் சுவையை அறிமுகப்படுத்திய ஏஞ்சலிகா கிச்சன், நகரத்தின் வாடகை ஏற்றத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல் 2017-இல் மூடப்பட்டது. மிஷலின் வழிகாட்டியின் உச்ச மதிப்பான மூன்று விண்மீன்களைப் பெற்றிருந்த இலெவன் மேடிசன் பார்க், பெருந்தொற்றுக்குப் பின் 2021 ஜூனில் தாவர உணவகமாகத் திறக்கப்பட்டபோது, ஓர் ஆளுக்கு 335 டாலர் விலையில் ஒரு புதிய காலம் பிறந்ததாக உலக ஏடுகள் எழுதின. 2025 ஆகஸ்டில் அதன் தலைமைச் சமையலர் டேனியல் ஹம், அக்டோபர் முதல் இறைச்சியும் மீனும் பட்டியலுக்குத் திரும்பும் என்று அறிவித்தார். வணிகர் வரவு செலவு பார்ப்பதில் வியப்பில்லை. ஒரு நீதிக் கோரிக்கையின் கொடியை வணிகரின் கையில் கொடுத்துவிட்டு, அவர் அதை இறக்கும்போது கொள்கையே தோற்றதாகக் கண்ணீர் வடிப்பதுதான் பேதைமை. நனிசைவ உணவுத் திருவிழாக்களும் இத்தகையனவே: நுழைவுச்சீட்டு வாங்கி வந்து, சுவைத்து, படம் எடுத்துக் கலைந்து போகும் கூட்டம், மறுநாள் காலை எந்தப் பள்ளியின் உணவையும் மாற்றுவதில்லை.

இப்போது மறுபக்கத்தைக் காண்க. நியூயார்க் மாநகரின் பொது மருத்துவமனை அமைப்பு 11 மருத்துவமனைகளை நடத்துகிறது; காப்பீடு இல்லாதவரும் அங்கே சிகிச்சை பெறலாம். 2022-இல் அந்த அமைப்பு மதிய உணவையும் பின்னர் இரவு உணவையும் தாவர உணவாக மாற்றியது. மருத்துவக் கட்டுப்பாடு இல்லாத நோயாளிக்கு அன்றைய தாவர உணவு முதலில் சொல்லப்படும்; வேண்டாம் என்றால் வேறொரு தாவர உணவு சொல்லப்படும்; அதையும் மறுப்பவருக்கு இறைச்சி உணவு உண்டு. யாரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படவில்லை. மாறியது வரிசை மட்டுமே. சமையலர்கள் இலத்தீன் அமெரிக்க, ஆசிய, வட ஆப்பிரிக்க, அமெரிக்கத் தென்மாநிலச் சமையல்களிலிருந்து பதார்த்தங்களை எடுத்து, வருவோரின் நாக்கு அறிந்த சுவையில் ஆக்கினர். தகுதியுடைய நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அதையே ஏற்றனர். உண்டவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நிறைவு தெரிவித்தனர். உணவு சார்ந்த கரிம வெளியேற்றம் 36 விழுக்காடு குறைந்ததாகவும், ஒரு வேளை உணவுக்கு 59 சென்ட் மிச்சமானதாகவும் நிர்வாகம் அறிவித்தது. மூன்று விண்மீன் உணவகம் சாதிக்காததை, மருத்துவமனைத் தட்டில் வந்த பயறும் காயும் சாதித்தன.

இதன் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நகரத்தின் நுகர்வால் விளையும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உணவினால் வருகிறது என்றும், கட்டடங்களுக்கும் போக்குவரத்துக்கும் அடுத்த மூன்றாம் இடம் உணவுக்கே என்றும் மாநகர நிர்வாகம் 2023-இல் வெளியிட்ட கணக்கு கூறியது. பொதுப்பணத்தில் வாங்கும் உணவின் வெளியேற்றத்தை 2030-க்குள் 33 விழுக்காடு குறைப்பதாக அப்போது உறுதியளிக்கப்பட்டது. உறுதிமொழி தந்த அப்போதைய மேயர் எரிக் ஆடம்ஸ், தாவர உணவால் தம் நீரிழிவு கட்டுக்குள் வந்ததாக நூல் எழுதியவர். அவர் அவ்வப்போது மீன் உண்பது தெரியவந்தபோது, ஏடுகள் பல நாள் அதையே பேசின. ஒரு மேயரின் தட்டில் மீன் துண்டு கிடந்ததா என்பதா கேள்வி? பல்லாயிரம் நோயாளிகளின் தட்டில் எது வைக்கப்படுகிறது என்பதல்லவா கேள்வி? தலைவர்கள் மாறுவார்கள், சறுக்குவார்கள். விதியாகவும் ஒப்பந்தமாகவும் சமையற்குறிப்பாகவும் பதிந்துவிட்ட மாற்றமே அவர்களைக் கடந்து நிற்கும்.

பள்ளிகளில் இந்தப் பணி பாதியில் நிற்கிறது. ஏறத்தாழ 9 இலட்சம் மாணவர்கள் பயிலும் அந்நகரப் பொதுப்பள்ளிகளில் 2019-இல் இறைச்சியில்லாத் திங்களும், 2022 பிப்ரவரியில் நனிசைவ வெள்ளியும் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் வெள்ளிக்கிழமையிலும் பால் வைக்கப்பட்டது. ஏனெனில் 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தின் நிதியைப் பெறும் பள்ளிகள் பாலை வழங்க முன்வர வேண்டும் என்பது அமெரிக்க நடுவணரசின் விதி. மக்கள் விரும்பியதால்தான் எல்லாம் நடக்கிறது என்று பால் தொழில் சொல்லும் வாதம் இந்த விதியின் முன் நிற்காது. இறைச்சியும் பாலும் தட்டில் முதலிடம் பெற்றதற்கு நாக்கு மட்டும் காரணமன்று, அரசின் ஆணையும் மானியமும் காரணம் எனும்போது, தாவர உணவை முதலில் வைப்பதை மட்டும் திணிப்பு என்று பழிப்பது எந்த நியாயம்?

தொழிலாளரின் பிழைப்பு என்னாகும் என்பது மற்றொரு கேள்வி. அதை மதித்து விடை கூற வேண்டும். 2020 வசந்த காலத்தில் தெற்கு டகோட்டா மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகரப் பன்றி இறைச்சி ஆலையில், தோளோடு தோள் நெருக்கி நிறுத்தப்பட்ட தொழிலாளர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. அவர்களில் பலர் புலம்பெயர்ந்தோரும் அகதிகளும் ஆவர். 2025 பிப்ரவரியில் நியூயார்க்கின் உயிர்க்கோழிச் சந்தைகள் ஏழில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டு, நகரத்தின் அத்தகைய சந்தைகள் அனைத்தும் ஒரு வாரம் மூடப்பட்டன. விலங்கை நசுக்கும் தொழில் மனிதரையும் நசுக்கியே இலாபம் காண்கிறது. ஆகவே விலங்குரிமை பேசுவோர் தொழிலாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், அவருக்கு மாற்றுப் பிழைப்பைக் கோர வேண்டும். டென்மார்க் அரசு 2023 அக்டோபரில் தாவர உணவுக்கென்றே தேசியச் செயல்திட்டம் வெளியிட்டு, உழவருக்கும் சமையலருக்கும் பயிற்சியும் நிதியும் ஒதுக்கியிருப்பது, அரசுகள் முனைந்தால் இது கூடும் என்பதற்குச் சான்று.

தமிழர் அவையில் கூறாமல் விடக்கூடாத செய்தி ஒன்றும் உண்டு. தமிழ்ச் சமூகத்தில் சைவ உணவு பன்னெடுங்காலமாகச் சாதி உயர்வின் அடையாளமாகக் காட்டப்பட்டு, புலால் உண்போரை வீட்டுக்கு வெளியே நிறுத்தவும், வாடகை வீடு மறுக்கவும், அலுவலகத்தில் தனித்து உட்கார வைக்கவும் பயன்பட்டிருக்கிறது. நனிசைவம் அந்த இழிவின் புது வடிவமாக ஒருபோதும் ஆகக் கூடாது. நெய்யும் தயிரும் உண்டபடி பிறர் தட்டைத் தீட்டு என்று ஒதுக்குபவர், இந்நெறியின் அளவுகோலில் தாமும் விலங்கின் துன்பத்தில் பங்கு கொண்டவரே. விலங்கின் வலி என்னும் ஒற்றை அடிப்படையில் நிற்கும் இக்கொள்கைக்குப் பிறப்பும் தூய்மையும் அளவுகோல்கள் அல்ல. மாட்டின் மேல் இரங்கி மனிதரை மிதிப்பவருக்கு இதில் இடமில்லை.

ஆதலால் இந்த அவை மூன்று கோரிக்கைகளை ஏற்க வேண்டும். முதலாவது, நியூயார்க் பொது மருத்துவமனைகளின் முறை, அதாவது தாவர உணவை முதலில் வைத்து, விரும்புவோருக்கு மட்டும் மற்றதைத் தரும் முறை, கல்லூரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அரசு அலுவலக உணவுக்கூடங்களுக்கும் விரிய வேண்டும். இரண்டாவது, பள்ளியில் பாலுக்குத் தரப்படும் தனிச்சலுகை நீங்கி, சோயாப்பால் போன்ற தாவரப் பானங்கள் எந்தக் குழந்தைக்கும் விண்ணப்பமின்றிக் கிடைக்க வேண்டும். மூன்றாவது, அந்நகரத்திலும் பிற ஊர்களிலும் பொங்கலையும் தீபாவளியையும் திருமணங்களையும் பெருங்கூட்டமாகக் கொண்டாடும் தமிழ் அமைப்புகள், பந்தியின் முதல் வரிசையை நனிசைவமாக்க வேண்டும். சாம்பாரும் கூட்டும் பொரியலும் நெய்க்குப் பதில் எண்ணெய் சேர்த்தாலே அந்நெறிக்குள் வந்துவிடும், பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் இருக்கிறது.

இக்கோரிக்கைகளில் எதற்கும் 335 டாலர் வேண்டியதில்லை. குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்கும் துணிவும், மறுக்கப்பட்டால் மறுபடியும் கேட்கும் பிடிவாதமும் போதும். அடுத்த விழாவுக்கு உணவுப் பட்டியல் எழுதப்படும் முன்பே அந்தக் கேள்வியை எழுப்புமாறு, இங்கே கூடியிருக்கும் ஒவ்வொருவரையும் இந்த மேடை கேட்டுக்கொள்கிறது.