குர்துபாவும் கீழக்கரையும்

(நமது ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வளைகுடாவில் பணிபுரியும் நம் இளைஞர் சிலர் ஸ்பெயினின் தென்பகுதியைச் சுற்றிப் பார்க்க விரும்பி, அங்கே காணத்தக்கவை எவையென நம்மிடம் வினவினர். நாம் அந்நாட்டிற்குச் சென்றதில்லை. மதரஸாவில் ஓதிய வரலாற்றின் வாயிலாகவே அறிவோம். ஆயினும் அங்குள்ள ஊர்ப் பெயரும் உணவுப் பெயரும் அரபி ஓதியவருக்கு அந்நியமல்ல. குர்துபா நகரையொட்டி ஓடும் குவாதல்கிவீர் என்பது 'வாதில் கபீர்', அதாவது பெரிய ஆறு. அரிசியை 'அர்ரோஸ்' என்பர்; அது அர்ருஸ். குன்றெங்கும் நிற்கும் ஒலிவ மரங்களின் எண்ணெய் 'அசெய்தே'; அது அஸ்ஸைத்.

குர்துபாவின் பெரிய பள்ளியை கி.பி. 785-இல் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கினார். பழைய ரோமானியக் கட்டடங்களின் தூண்களையே எடுத்து நிறுத்தினர். உயரம் போதாமையால் அவற்றின்மேல் இரண்டடுக்கு வளைவுகளை அமைத்தனர். பின்வந்தோர் 987 வரை அதனை விரிவாக்கினர். கவனியுங்கள்: முதல் மண்டபத்தை இடித்து அவர்கள் விரிவாக்கவில்லை. தெற்கிலும் பின்னர் கிழக்கிலும் புதிய தூண் வரிசைகளைச் சேர்த்துக்கொண்டே சென்றனர். 1236-இல் அது தேவாலயமாக்கப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டில் நடுவிலிருந்த தூண்களை அகற்றி உயர்ந்த மண்டபம் எழுப்ப முனைந்தபோது, கிறிஸ்தவர்களின் நகர மன்றமே அதை எதிர்த்தது, பயனில்லை. எஞ்சிய 850-க்கும் மேற்பட்ட தூண்களை இன்று சீட்டு வாங்கிப் பார்க்கலாம், தொழ இயலாது.

தொழவும் இயலும் கல்மண்டபம் நம் தமிழகத்திலேயே உண்டு. கீழக்கரை ஜும்ஆப் பள்ளி 17-ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் காலத்தில் எழுந்தது. தமிழ்நாட்டுக் கோயில் மண்டபங்களில் காணும் அதே கல்தூணும் போதிகையும் தட்டைக் கல்கூரையும் அங்கே உள்ளன. உருவங்களுக்குப் பதிலாகப் பூவும் கொடியும் செதுக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து பனைக்காடும் மன்னார் வளைகுடாவும் உடன்வரத் தூத்துக்குடியைக் கடந்தால் காயல். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, ஹுர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து குதிரைக் கப்பல்கள் வந்திறங்கிய துறையென எழுதிய ஊர். அங்கே நெய்ச்சோறும் ஆணமும், பின் வட்டலப்பமும் உண்டவர் எளிதில் எழுந்திரார்!

இதனை இங்கே கூறக் காரணம் உண்டு. வல்லம் வடகாலில் தொழிற்பேட்டை வந்தபின் ஜும்ஆ வரிசை தெருவரை நீள்கிறது. வெயிலில் நின்று தொழும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இடமளிப்பது நம் கடமை. அதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் பழைய கட்டடத்தை முழுவதும் இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்கின்றனர் சிலர். நம் பள்ளி கீழக்கரைப் பள்ளி அன்று. எனினும் நம் பாட்டன்மார் கூலியில் மிச்சம் பிடித்து எழுப்பிய சுண்ணாம்புச் சுவர் அது. பக்கத்து மனையில் புதிய வரிசைகளைச் சேர்த்து, பழைய மண்டபத்தை முன்வரிசையாகவே காக்க இயலுமா என்று பொறியாளரிடம் ஒரு வரைபடம் கேளுங்கள். செலவு இரண்டிற்கும் எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

முடிவெடுக்குமுன் கமிட்டியார் ஒருமுறை கீழக்கரை சென்று வருதல் நன்று. மாலையில் தாம்பரத்தில் இரயிலேறினால் விடியலில் இராமநாதபுரம், அங்கிருந்து பேருந்து. திரும்புகையில் தொதல் வாங்க மறவாதீர்கள்.

வஸ்ஸலாம்.