வீட்டில் கட்டும் விமானம்: எதைத் தேர்ந்தெடுப்பது?

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



"வீட்டிலேயே விமானம் கட்ட முடியுமா, சார்?" என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. முடியும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் கட்டிப் பறக்கிறார்கள். கட்டுபவர் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பெரும்பகுதியைத் தாமே செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. நான் மாணவர்களிடம் திருப்பிக் கேட்பது, "எந்த விமானத்தை?" என்பதுதான். உயிர்ப் பாதுகாப்பு அந்தத் தேர்விலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் தேவை. எத்தனை பேர், எவ்வளவு தூரம், எப்படிப்பட்ட ஓடுதளம் என்று எழுதிப் பார்க்க வேண்டும். அழகும் வேகமும் பிறகுதான்.

இரண்டாவது, தரையிறங்கும் வேகம். இங்கே நம் பாடம் வருகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 100 கிலோமீட்டரில் இறங்கும் விமானத்தைவிட, அதே எடையுடன் 140 கிலோமீட்டரில் இறங்குவது ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது. எஞ்சின் நின்று வயலில் இறங்க நேர்ந்தால், அந்த வேறுபாடே உயிரைத் தீர்மானிக்கலாம்.

மூன்றாவது, முன்பே பலர் கட்டிப் பறந்த வடிவமைப்பு. வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வகை அலுமினிய விமானங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் பறந்துள்ளன. பலர் கட்டிய விமானத்தின் குறைகள் வெளியே தெரிந்திருக்கும். ஐயம் கேட்கவும் ஆள் இருக்கும்.

நான்காவது, நேரம். இத்தகைய விமானத்துக்கு 1,500 மணி நேரத்துக்கு மேல் உழைப்பு தேவை. தினம் இரண்டு மணி நேரம் என்றாலும் இரண்டு ஆண்டுகளைத் தாண்டும். முடிக்கக் கூடியதையே தொடங்க வேண்டும்.

நல்ல வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. வரைபடத்தின்படி கட்டவும் வேண்டும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது, வேறொருவர் கட்டி, பின்னர் அவர் வாங்கிய லாங்-ஈஸி விமானம். எரிபொருள் தொட்டியை மாற்றும் கைப்பிடி, வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கு இடையே இருக்க வேண்டும். கட்டியவர் அதை விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப முயன்றபோது கட்டுப்பாடு தவறியது என்று விசாரணை முடிவு கூறியது. போதிய எரிபொருள் நிரப்பாமல் புறப்பட்டதும், அந்த விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததும் காரணங்களாகச் சேர்க்கப்பட்டன. ஆகவே, பிறர் கட்டியதை வாங்குபவரும் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கட்டி முடித்த பிறகும் வழக்கமாக 25 முதல் 40 மணி நேரம் சோதனைப் பறப்பு உண்டு. அதுவரை பயணிகளை ஏற்றக்கூடாது.

இயக்க ஆற்றல் பாடத்தின்போது இந்த நான்கு கேள்விகளையும் கரும்பலகையில் எழுதுங்கள். மாணவர்கள் தாங்களே ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுத்து, காரணம் சொல்லட்டும். விடையைவிட அந்தக் காரணத்துக்கே மதிப்பெண் கொடுங்கள்.