குதிரையில் ஏறியவர்கள், பெயர் பெறாதவர்கள்



'கௌபாய் படங்களில் யாருக்கு இடம் கிடைத்தது?' இது தாம்பரத்து வாசகர் வட்டத்தில் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. தாம்பரத்துக்கும் கௌபாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

தமிழிலேயே கௌபாய் படங்கள் வந்தன. 1970-இல் 'காலம் வெல்லும்'. 1972-இல் 'கங்கா', 'ஜக்கம்மா'. மூன்றும் ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன் எடுத்தவை. நாயகன் மக்கள் கலைஞர் ஜெய்சங்கர். வெட்டவெளி, குதிரை, தொப்பி, துப்பாக்கி, இவைதான் மூலதனம். அதே காலத்தில் தெலுங்கில் கே.எஸ்.ஆர். தாஸ் 'ரவுடி ராணி' எடுத்தார். அதில் துப்பாக்கி ஏந்திப் பழிவாங்கப் புறப்பட்டவர் விஜயலலிதா, ஒரு பெண்! குடும்பப் படங்கள் அழவைத்தே பழக்கிய பெண்ணைச் சின்னப் படம் சேணத்தில் ஏற்றியது. அதை நாம் நன்றியோடு சொல்ல வேண்டும்.

அமெரிக்காவிலும் சின்னப் படங்கள் இப்படிக் கதவு திறந்தன. அங்கே உண்மையில் மாடு மேய்த்த கௌபாய்களில் நால்வருக்கு ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் கணிக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் படங்களில் அவர்களைத் தேடினால் அரிதாகத்தான் கிடைப்பார்கள். 1937-இலிருந்து 1939-க்குள் ஹெர்ப் ஜெஃப்ரீஸ் என்ற பாடகர் சில்லறைச் செலவில் வந்த படங்களில் கறுப்பின நாயகனாகக் குதிரை ஏறினார். 'தி பிரோன்ஸ் பக்கரூ' (The Bronze Buckaroo) அவற்றில் ஒன்று. வெள்ளையரோடு சமமாக உட்கார முடியாத மக்கள், தங்களுக்கென்று ஒதுக்கிய கொட்டகைகளில் தங்கள் முகத்தையே நாயகனாகப் பார்த்தார்கள்.

இப்போது பணம் கொட்டி எடுத்த படத்துக்கு வாருங்கள். நம் சென்னையில் கூட்டம் அலைமோதிய 'மெக்கன்னாஸ் கோல்டு' நினைவிருக்கிறதா? அதில் அப்பாச்சிப் பழங்குடிப் பெண்ணாக வந்த ஜூலி நியூமர் வெள்ளைக்காரர். மெக்சிகோ கொள்ளைக்காரனாக வந்த ஒமர் ஷெரீஃப் எகிப்தியர். பணம் இருந்தது, மண்ணின் மக்களுக்கு மனத்தில் இடம் இல்லை. அவ்வளவுதான்.

ஹாலிவுட்டைச் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? நம் படங்களில் காட்டுவாசி என்றால் யார்? உடம்பெல்லாம் கரி, தலையில் இறகு, கையில் ஈட்டி, வாயில் புரியாத கூச்சல். பெயர் கிடையாது, குடும்பம் கிடையாது, கதை கிடையாது.

நண்பர்களே, அவர்களின் உண்மைக் கதை நம் பக்கத்திலேயே இருந்தது. திரையில் குதிரைகள் பாய்ந்த அதே 1972-இல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத்தோல் தொழில் முடங்கியது. அதற்குப் பாம்பு பிடித்துத் தந்த நம் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் பழங்குடி மக்கள் பிழைப்பை இழந்தார்கள். 1978-இல் அவர்களுக்கெனப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இன்று அது இயங்கும் வடநெம்மேலி நமக்கு எவ்வளவு தூரம்? இங்கிருந்து கிளம்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்ச் சேர்ந்துவிடலாம். பாம்பு கடித்தவருக்குப் போடும் மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தருபவர்கள் அவர்கள். 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. தொப்பி இல்லை, துப்பாக்கி இல்லை. தடம் பார்த்துப் புதரைப் படிக்கும் கண் மட்டும்! இதைவிடவா ஒரு சாகசக் கதை வேண்டும்?

2021-இல் 'ஜெய் பீம்' படம் இருளர் துயரத்தை நாடறியச் செய்தது, பாராட்டுவோம். ஆனால் அதன் முதன்மை இருளர் வேடங்களான ராசாக்கண்ணுவும் செங்கேணியும் வெளியிலிருந்து வந்த நடிகர்களுக்கே போயின. அவர்கள் உழைப்பு பெரிது, குறை சொல்லவில்லை. அடுத்த படியைக் கேட்கிறேன்.

இங்கே குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம்தான் கேட்கிறேன். பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். பணம் இல்லாதவர்கள்தான் முதலில் கதவு திறந்தார்கள். அடுத்த படத்தில் இருளராக ஓர் இருளரே நடிக்கட்டும். நம் பக்கத்துப் பரங்கிமலையின் ஆங்கிலோ இந்தியர் பாத்திரம் வந்தால், அதையும் ஓர் ஆங்கிலோ இந்தியரே பேசட்டும். அவர்களுக்குப் பெயர் வையுங்கள், வசனம் கொடுங்கள், கதை எழுதும்போதே பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தப் படத்தை இதே மேடையில் திரையிடுங்கள். முதல் வரிசையில் வந்து உட்கார நாங்கள் தயார்.