பகடை தோற்ற பிறகும் தொடரும் கதை

அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு, இண்டூர்



2024 ஏப்ரலில் லண்டனில் நடந்த பாஃப்டா விழாவில், ஆண்டின் சிறந்த வீடியோ கேம் விருதை ‘பால்டர்ஸ் கேட் 3’ பெற்றது. அதே மேடையில் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருது ‘வெண்பா’வுக்குப் போனது. முன்னது பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோஸில் நானூறுக்கும் மேற்பட்டோர் உழைத்து உருவாக்கிய மாயக்கதை. பின்னது டொராண்டோவில் ஒரு சிறு குழு செய்தது; கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் வாழ்வை இட்லி, புட்டு, பிரியாணி வழியே சொல்வது.

பெரிய ஆட்டம் தன் வகையை எப்படி மாற்றும் என்பதே இன்றைய பொருள். அந்த வகைக்கு ஆர்பிஜி என்று பெயர். ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் குணத்தோடு முடிவெடுத்துக் கதையை நடத்துவார். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதன் மூலம். நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயாலேயே கதை வளர்ப்பார்கள்.

‘பால்டர்ஸ் கேட் 3’ அந்த மேசையைக் கணினிக்குள் கொண்டுவந்தது. காவலனைப் பேச்சால் மடக்குவதா, மறைந்து நழுவுவதா, வாளை உருவுவதா என்பது ஆடுபவர் விருப்பம். அது பலிக்குமா என்பதை 20 முகப் பகடை சொல்லும். பலிக்காவிட்டாலும் கதை நிற்பதில்லை. வேறு தடத்தில் ஓடும், அந்தத் தடத்துக்கும் வசனமும் விளைவும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த வெற்றி ஒரே நாளில் வரவில்லை. கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய முதல் பாகம் 1998இலும் இரண்டாவது 2000இலும் வெளிவந்தன. அதன்பின் பெரிய நிறுவனங்கள் பல, ஆளுக்கொரு முறை வைத்து நிதானமாக ஆடும் சண்டைகளைப் பழசென்று ஒதுக்கின. ஸ்வென் விங்கே தலைமையிலான லாரியன், 2013இல் ரசிகர்களிடமே பணம் திரட்டி ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின்’ செய்தது, 2017இல் அதன் இரண்டாம் பாகத்தை வெளியிட்டது. மூன்றாவது பால்டர்ஸ் கேட்டின் முதல் பகுதியை 2020 அக்டோபரிலேயே விற்பனைக்கு விட்டு, ஆடியவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் செப்பனிட்டது. 2023 ஆகஸ்டில் முழு ஆட்டம் வந்தபோது, ஸ்டீம் என்னும் இணைய விற்பனைத் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 8 லட்சத்து 75 ஆயிரம் பேர் ஆடினார்கள்.

இனி வரும் எல்லா ஆட்டங்களும் இதே பருமனில் இருக்க வேண்டுமென்று ரசிகர்கள் கேட்பது இயல்பு. அந்த ஓட்டத்தில் சிறிய குழுக்கள் மூச்சுத் திணறிப் போகும்.

ஆனால் இந்த வகையின் வரலாறு வேறு பாதையைக் காட்டுகிறது. 1981இல் அமெரிக்காவில் வந்த ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ இரண்டையும் ஜப்பானிய ஆட்ட வடிவமைப்பாளர் யூஜி ஹோரி ஆசையோடு ஆடினார். அவற்றின் சிக்கலைக் குறைத்து, வீட்டுப் பிள்ளைகளும் ஆடும்படி 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ செய்தார். ஜப்பானிய ஆர்பிஜி மரபே அதிலிருந்து தழைத்தது. 2019இல் வந்த ‘டிஸ்கோ எலிசியம்’ தனிச் சண்டை முறையே இல்லாமல், ஒரு நகரத்தின் ஒரு பகுதிக்குள், பேச்சையும் பகடையையும் வைத்தே ஆழமான கதை சொன்னது. தோல்வியையும் கதையாக எழுதும் கலைக்கு நானூறு பேர் தேவையில்லை.

அந்தக் கலை நம் தருமபுரிச் சீமைக்குப் புதிதும் அல்ல. திரௌபதி அம்மன் திருவிழாக்களில் நடக்கும் பாரதக் கூத்தில், பகடையில் தருமன் தோற்பான் என்று பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும். தோற்ற பிறகுதான் கூத்து சூடுபிடிக்கிறது. கதை மாறாது, வசனத்தையும் தர்க்கத்தையும் கூத்தாடிகள் அந்தந்த இரவின் கூட்டத்தைப் பார்த்து வளர்க்கிறார்கள். கணினி ஆட்டத்துக்குள்ளும் புராணம் வந்துவிட்டது: புனேயின் நாடிங் ஹெட்ஸ் குழு 2020இல் ‘ராஜி’ என்னும் ஆட்டத்தில் நம் புராண உலகைக் கண்ணுக்கு விருந்தாக்கியது. அடுத்து வேண்டியது அந்த உலகில் ஆடுபவர் வாய் திறந்து வாதாடும் ஆட்டம்.

தருமபுரியின் பொறியியல் மாணவர்கள் கூத்து வாத்தியார்களோடு உட்கார்ந்தால், பகடையாட்டம் நடந்த அந்தக் கௌரவர் சபை ஒன்றை மட்டும் வைத்துத் தொடங்கலாம். ஆடுபவர் விகர்ணனாக வருவார், கௌரவர் தம்பிகளில் துரியோதனனை எதிர்த்துப் பேசியவனாக. பகடை ஏற்கெனவே உருண்டாயிற்று. பீஷ்மரிடம் பேசலாம், துரோணரைக் கேட்கலாம், விதுரனோடு சேரலாம், கர்ணனின் ஏளனத்துக்குப் பதில் சொல்லலாம். யாரிடம் எந்தச் சொல்லை எப்போது சொன்னால் சபை அசையும், அசையாவிட்டால் விகர்ணன் அடுத்து என்ன செய்வான் என்பதை எழுதுவதே அந்த முதல் ஆட்டத்தின் வேலை.